எல்லைக்கு அப்பால் ஒரு வினாத்தாள்

முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடும் ஊர் என்றே தமிழர்களுக்குப் புத்தூரைத் தெரியும். 1960-இல் எல்லைக் கோடு போட்டபோது பக்கத்துத் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. புத்தூர் ஆந்திரத்தில் தங்கிவிட்டது. வக்கீலாக ஆசைப்படும் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கோடு பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் உறைக்கிறது.

தமிழ்நாடு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறது. ஆனால் திருப்பதியில் சட்டம் படிக்க 'லாசெட்' எழுத வேண்டும். 90 நிமிடங்களில் 120 கேள்விகள். தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் தாள் உண்டு, தமிழில் கிடையாது. விசாகப்பட்டினம், திருச்சி போன்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு 2008-இல் வந்த 'கிளாட்'; அது ஆங்கிலத்தில் மட்டும்.

இரண்டுக்கும் ஒரே கைடை உருப்போடுவது வீண் வேலை. லாசெட்டில் பாதிக் கேள்விகள் அரசியலமைப்பு, அடிப்படைச் சட்ட அறிவு பற்றியவை. மனப்பாடம் கைகொடுக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது என்பதால் ஒன்றையும் விட்டுவைக்கக் கூடாது. கிளாட் வேறு ரகம். நீண்ட பத்தியைக் கொடுத்து, சட்ட விதியையும் அதிலேயே சொல்லி, ஒரு வழக்குக்கு அதைப் பொருத்தச் சொல்கிறார்கள். தப்பினால் கால் மதிப்பெண் போகும். தினமும் ஆங்கிலத் தலையங்கம் ஒன்றைக் கடிகாரம் பார்த்துப் படித்துப் பழகியவருக்கே இது வசப்படும்.

தெலுங்குத் தாளை நினைத்து மிரள்பவர்களுக்கு ஒரு செய்தி: வாதி, பிரதிவாதி, சாட்சி, ஒப்பந்தம், தீர்ப்பு எல்லாம் அங்கும் ஏறக்குறைய அதே சொற்கள்தான். 'உரிமை'தான் 'ஹக்கு' ஆகிறது.