பாலை நிறுத்தினால் கிட்னி கல் வராதா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிட்னியில் கல்’ என்று வந்துவிட்டால், அன்றைக்கே வீட்டுச் சமையலறையில் தடை உத்தரவு தொடங்கிவிடும். தக்காளி கூடாது, விதை கல்லாகிவிடும். பால், தயிர் கூடவே கூடாது, கல்லே கால்சியம்தானே! கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கல் உருவாகும் கணக்கு வேறு. அது பள்ளிக்கூட வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது.

சுண்ணாம்பு நீர் பரிசோதனை

தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதும் பரிசோதனை நினைவிருக்கிறதா? கண்ணாடி போல இருந்த நீர் சற்று நேரத்தில் பால் போல வெளுத்துவிடும். நீரில் கரைந்திருந்த கால்சியம், மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்ஸைடால் கால்சியம் கார்பனேட்டாக மாறிவிடுகிறது. அது தண்ணீரில் கரையாது. இப்படிக் கரைந்திருக்கும் பொருட்கள் ஒன்றுசேர்ந்து, கரையாத திடப்பொருளாகப் பிரிவதுதான் ‘வீழ்படிவு’.

சிறுநீரகத்திலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. கால்சியம் பால் முதல் கேழ்வரகு வரை பல உணவுகளில் கிடைக்கிறது. ஆக்ஸலேட் பசலைக்கீரை, பாதாம், முந்திரி, டீ போன்றவற்றில் இருக்கிறது. உடலும் கொஞ்சம் தயாரிக்கிறது. இரண்டும் சிறுநீரில் சேர்ந்தால் கால்சியம் ஆக்ஸலேட். சிறுநீரகக் கற்களில் மிக அதிகமாகக் காணப்படும் வகை இதுதான். ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீரில் இது 10 மில்லிகிராம்கூடக் கரையாது. சிறுநீரில் உள்ள சிட்ரேட் போன்ற பொருட்கள் தடுப்பதால்தான் பெரும்பாலானவர்களுக்குக் கல் வருவதில்லை.

தக்காளி விதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விதை குடலிலிருந்து சிறுநீரகத்துக்குப் போக வழியே கிடையாது. தக்காளியில் ஆக்ஸலேட்டும் குறைவுதான்.

தண்ணீரின் பெருக்கல் கணக்கு

ஒருவரின் சிறுநீரில் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கால்சியமும் 30 மில்லிகிராம் ஆக்ஸலேட்டும் வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம். வெயிலில் அலைந்து, தண்ணீர் குடிக்க மறந்து, ஒரு லிட்டர் சிறுநீர்தான் போகிறது என்றால், அதன் செறிவு லிட்டருக்கு 200, 30. அதே ஆள் போதுமான தண்ணீர் குடித்து இரண்டரை லிட்டர் சிறுநீர் கழித்தால், செறிவு 80, 12 என இறங்கிவிடும்.

வீழ்படிவு உண்டாகுமா என்பதை முடிவு செய்வது இந்த இரண்டு செறிவுகளின் பெருக்கல் தொகை. முதல் கணக்கில் 200 x 30 = 6,000. இரண்டாவதில் 80 x 12 = 960. சிறுநீரின் அளவு இரண்டரை மடங்கு கூடினால், கல் உருவாகும் சூழல் ஆறு மடங்குக்கு மேல் குறைகிறது!

இத்தாலியில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். முதல்முறை கல் வந்த 199 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை மட்டும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். 1996-ல் வெளியான அந்த ஆய்வின்படி, ஐந்து ஆண்டுகளுக்குள் மீண்டும் கல் வந்தது, தண்ணீர் குடித்த குழுவில் 12 பேருக்கு. மற்ற குழுவில் 27 பேருக்கு.

பால் செய்யும் நன்மை

பாலை நிறுத்தினால் என்ன ஆகும்? சாப்பாட்டோடு வரும் கால்சியம், ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது. அங்கேயே வீழ்படிவாகி மலத்தோடு போய்விடுகிறது. கால்சியம் இல்லாவிட்டால், பிடிக்க ஆளில்லாத ஆக்ஸலேட் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகத்துக்கு வந்து சேரும். குடலில் முடிந்திருக்க வேண்டிய வேதிவினை கிட்னியில் நடக்கும்.

அமெரிக்காவில் 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்தி 1993-ல் வெளியிட்ட ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்குத்தான் கல் வரும் அபாயம் குறைவாக இருந்தது. எனவே, கீரை சாப்பிடும் நாளில் அதே வேளையில் தயிரும் சேர்த்துக்கொள்வது நல்லதே. கால்சியம் மாத்திரை விஷயம் மட்டும் வேறு. அதை டாக்டரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

* சிறுநீர் இரண்டரை லிட்டர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். வியர்க்கும் நாளில் இன்னும் கூடுதலாக. சிறுநீர் வெளிர் நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.
* உப்பைக் குறையுங்கள். உப்பு கூடினால் சிறுநீரில் வெளியேறும் கால்சியமும் கூடும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் கவனம் தேவை.
* எலுமிச்சைச் சாறு நல்லது. அதிலுள்ள சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். உப்பு, சர்க்கரையை அள்ளிப் போட வேண்டாம்.
* வாழைத்தண்டுச் சாறு குடித்தாலும், நாள் முழுக்கக் குடிக்க வேண்டிய தண்ணீருக்கு அது மாற்று ஆகாது.

எல்லாக் கல்லும் ஒரே வகை அல்ல. யூரிக் அமிலக் கல்லும் உண்டு. அதனால் வெளியே வந்த கல்லைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. வலியோடு காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.