டிராகுலாவும் நமது வேதாளமும்

இரத்தம் குடிக்கும் பிரபு ஒருவனைப் பற்றி எங்கள் வத்திராயிருப்பில் பேச்சு எழ நியாயமே இல்லை. மேற்கே மலை, மலைமேல் சதுரகிரி மகாலிங்கம், அமாவாசைதோறும் தாணிப்பாறை வழியாக மலையேறும் ஜனக்கூட்டம். இத்தகைய ஊரில் கார்ப்பேத்திய மலைக்கோட்டைக்கு என்ன வேலை? ஆயினும் சென்ற மாதம் இலக்கண பாடம் நடந்துகொண்டிருக்கையில், கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "ஸார், டிராகுலா நிஜமாகவே இருந்தானாமே?" என்று கேட்டுவிட்டான். ஏதோ சினிமாவில் பார்த்திருக்கிறான். இருந்தான் என்றால் பொய். இல்லை என்றால் பாதி உண்மை. புணர்ச்சி விதியை அப்படியே நிறுத்திவிட்டு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

அந்த நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர் 1847-ல் அயர்லாந்தில், டப்ளின் நகரில் பிறந்தவர். லண்டன் லைசியம் நாடகசாலையில், ஹென்றி இர்விங் என்ற மகா நடிகரிடம் நிர்வாகியாக இருந்தவர். பகலெல்லாம் கணக்கு வழக்கு, இரவெல்லாம் நாடகம். இவற்றுக்கு நடுவே கிடைத்த ஓய்வில் எழுதி 1897 மே மாதம் வெளியிட்டதுதான் 'டிராகுலா'.

ருமேனிய தேசத்தில் 15-ஆம் நூற்றாண்டில் விளாட் என்றொரு அரசன் இருந்தான், பகைவரைக் கழுவேற்றியவன், அவனே டிராகுலா என்று இன்று உல்லாசப் பிரயாணிகளுக்குச் சொல்கிறார்கள். ஆனால் ஸ்டோக்கர் நாவலுக்காக எழுதி வைத்த குறிப்புகள் அமெரிக்காவில், பிலடெல்பியா நகரிலுள்ள ரோசன்பாக் காட்சிசாலையில் இருக்கின்றன. அவற்றில் கழுமரக் கதை ஒரு வரிகூடக் கிடையாது. முதலில் அந்தப் பிரபுவுக்கு அவர் வைத்திருந்த பெயரே வேறு. 1890 கோடையில் விட்பி என்ற கடற்கரை ஊரில் தங்கியிருந்தபோது, அவ்வூர் நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் 1820-ல் எழுதிய பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டினார். டிராகுலா என்றால் அந்நாட்டுப் பாஷையில் பிசாசு என்று அர்த்தம் என அதில் கண்டிருந்தது. பெயர் பிடித்துப் போயிற்று, எடுத்துக்கொண்டார். அரசன் கொடுத்தது அவ்வளவே. 1885-ல் அதே விட்பியில் கரை தட்டிய டிமிட்ரி என்ற ருஷ்யக் கப்பலும் பெயரைச் சற்றே மாற்றிக்கொண்டு கதைக்குள் ஏறிவிட்டது.

சரி, முகம் யாருடையது? இங்கேதான் நமது வேதாளம் வருகிறது.

ரிச்சர்டு பர்ட்டன் என்ற வெள்ளைக்காரரைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து 1842-ல் பம்பாயில் வந்து இறங்கியவர். உடம்புக்கு முடியாமல் விடுமுறை எடுத்துக்கொண்டு நம் நீலகிரியிலும் சிலகாலம் தங்கி, அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். வேதாளக் கதைகளில் பதினொன்றை அவர் 1870-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். வேதாளம் என்பதற்கு அவர் போட்ட மொழிபெயர்ப்பு இரத்தம் குடிக்கும் 'வாம்பயர்'! நம் வேதாளம் ஒருநாளும் யார் கழுத்தையும் கடித்ததில்லை. கதை சொல்லிக் கேள்வி கேட்டு வதைத்ததோடு சரி. 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் காஷ்மீரத்தில் சமஸ்கிருதத்தில் எழுதியபோது அது சிம்சபா மரத்தில் தொங்கிற்று. நம்மவர்கள் அதைக் கொண்டுவந்து முருங்கையில் ஏற்றினார்கள். தொட்டால் முறியும் முருங்கைக் கிளை அந்தக் கனத்தை எப்படித் தாங்கிற்று என்று விக்கிரமாதித்தனும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. பர்ட்டனோ அதைப் பழந்தின்னி வௌவால் போல் கால்விரல் நுனியால் தலைகீழாகத் தொங்கவிட்டார். டிராகுலா கோட்டைச் சுவரில் தலைகீழாக ஊர்ந்து இறங்கும் இடத்தைப் படிக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அந்தப் புத்தகத்திலிருந்துதான் இது வந்தது என்று சாதிக்க மாட்டேன். ஆனால் அந்த மனிதரை ஸ்டோக்கர் நேரில் அறிந்திருந்தார். 1878-ல் முதன்முதல் பார்த்தபோதே கண்ணை எடுக்க முடியவில்லையாம்: கறுத்த, கடுமையான, இரக்கமற்ற முகம். பேசும்போது மேலுதடு உயர்ந்து கோரைப்பல் கட்டாரிபோல் மின்னியதை ஸ்டோக்கர் 1906-ல், இர்விங்கைப் பற்றிய தமது நினைவுகளில் மறவாமல் எழுதியிருக்கிறார்.

பெயரும் பல்லும் கிடைத்தன. பயம் எங்கிருந்து வந்தது?

அதைக் கொடுத்தவள் அவருடைய தாய் சார்லட். ஸ்டோக்கர் ஏழு வயது வரையில் நோயாளிக் குழந்தை, படுக்கையே உலகம். பக்கத்தில் உட்கார்ந்து தாய் கதை சொன்னாள். 1832-ல், தான் பதினான்கு வயதுப் பெண்ணாக இருந்தபோது, ஸ்லைகோ என்ற தன் ஊரில் வாந்திபேதி புகுந்த கதை அது. அந்த நோய் புறப்பட்ட இடம் கங்கைக் கழிமுகம், நமது வங்காளம். படையோடும் வியாபாரத்தோடும் தேசம் தேசமாக நடந்து, 1831-ல் இங்கிலாந்து சேர்ந்து, மறுவருஷம் ஐரிஷ் கடலையும் தாண்டிற்று. தண்ணீரில் வருகிற நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது. வழிப்போக்கன் ஒருவன் சாலையோரம் நோயுற்று விழுந்தான். ஊரார் குழி தோண்டி, நீண்ட கழிகளால் அவனை உயிரோடு உள்ளே தள்ளி மண்ணை மூடினார்கள். பட்டாளத்து ஸார்ஜண்ட் ஒருவர் செத்துவிட்டார் என்று பெட்டியில் வைக்கப் போனார்கள். ஆள் நெட்டை, பெட்டி குட்டை. காலை முறித்து அடக்கலாம் என்று சுத்தியலை ஓங்கி ஓர் அடி போட்டதும் பிணம் எழுந்து உட்கார்ந்தது! பின்னாளில் மகன் வேண்டிக்கொள்ள, இவற்றையெல்லாம் சார்லட் தன் கைப்பட எழுதியே கொடுத்தாள். நாவல் அச்சாகிற தறுவாய் வரையில் அதற்கு ஸ்டோக்கர் வைத்திருந்த தலைப்பு, செத்தும் சாகாதவர் என்று பொருள்படுவது.

பையனுக்கு இதுவரையில்தான் சொன்னேன்; மணி அடித்துவிட்டது. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

எங்கள் பாட்டி சிறுமியாக இருந்தபோது இந்தப் பக்கத்திலும் வாந்திபேதி வந்தது. அந்த வருஷம் அவள் தெருவில் ஒருவரைச் சுடுகாடு வரையில் தூக்கிப் போய்விட்டார்கள். அங்கே அவர் விரல் அசைந்தது. பயந்தபடியே திரும்பக் கொண்டுவந்து திண்ணையில் கிடத்தினார்கள். மனிதர் பிழைத்து அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் அவருக்கு இலை போட்டதில்லை. கைக்குழந்தையை யாரும் அவர் எதிரே எடுத்துவந்ததில்லை. இருட்டின பிறகு அவரும் திண்ணையை விட்டு இறங்குவதில்லை.

"நீ என்ன செய்வே பாட்டி?" என்று கேட்டேன். வெற்றிலையை மடித்தபடியே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"நானுந்தாண்டா எதிர்ச் சாரிக்கு ஓடிடுவேன். தாகத்துக்குத் தண்ணி கேட்டுக் கூப்பிடுவார், பாவம்" என்றாள்.