திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடத்தில் பகுப்பாய்வு வேதியியலாளர்: பணியும் ஆய்வுநாட்டமும்

திறவுச்சொற்கள்: பகுப்பாய்வு வேதியியல், தரக்கட்டுப்பாடு, ஆறு இணைதிறக் குரோமியம், முறை சரிபார்ப்பு, தொழில்வழித்தடம்

முன்னுரை

வேதியியலில் முதுகலை முடித்து வெளிவரும் மாணவர் எவரும் திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியைத் தம் துறைக்குரிய இடமாக எளிதில் எண்ணுவதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ-நிசான், டெய்ம்லர், அப்போலோ டயர்ஸ் என அங்கே கண்ணில் படுவன எல்லாம் இயந்திரப் பொறியியலின் விளைவுகள். ஆயினும் அவ்வாலைகளுக்குள் நுழையும் திருகாணி, மின்கம்பி உறை, பூச்சு ஆகியவற்றின் வேதிக்கூறுகளுக்கு யாரோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. அவருடைய பணி எத்தகையது, அப்பணியிலிருந்து ஆய்வு எங்கே பிறக்கிறது என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கருவி கூறுவதும் கூறாததும்

மின், மின்னணுக் கருவிகளில் தீங்கான பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றிய நெறியாணை 2006 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நோக்கியாவின் திருப்பெரும்புதூர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஈயம், பாதரசம், ஆறு இணைதிறக் குரோமியம், புரோமின் கொண்ட இருவகைத் தீத்தடுப்பான்கள் ஆகிய ஒவ்வொன்றும் ஒருபடித்தான பொருளின் எடையில் 0.1 விழுக்காட்டையும், காட்மியம் 0.01 விழுக்காட்டையும் கடத்தல் கூடாது என்பது வரம்பு. இந்தியாவின் மின்னணுக் கழிவு விதிகளும் பின்னர் இவ்வரம்புகளையே மேற்கொண்டன.

துத்தநாகம் பூசப்பட்ட ஒரு திருகாணியை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் கதிர் ஒளிர்வு நிறமாலைமானியில் வைத்தால் சில நிமிடங்களில் குரோமியம் உண்டு என்று அது காட்டிவிடும். ஆனால் அக்கருவி அறிவது தனிமத்தை மட்டுமே. மூன்று இணைதிறக் குரோமியத்துக்குத் தடையில்லை. ஆறு இணைதிறத்துக்கு உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிய, பூச்சைக் கொதிநீரில் சாறெடுத்து, அமில ஊடகத்தில் டைபீனைல்கார்பசைடு சேர்த்து, தோன்றும் செவ்வூதா நிறத்தை 540 நானோமீட்டர் அலைநீளத்தில் அளக்க வேண்டும். இங்கும் சிக்கல் தீர்வதில்லை. மெல்லிய பூச்சின் எடையைத் தனியே அறிதல் அரிதாகையால் முடிவு பரப்பளவின் அடிப்படையில் தரப்படுகிறது. வரம்போ எடையின் அடிப்படையில் உள்ளது. மேலும், பூச்சிலுள்ள ஆறு இணைதிறக் குரோமியம் ஈரப்பதத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப நாளடைவில் மாறக்கூடியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிடங்கில் ஒரு மாதம் கிடந்த திருகாணியும், பூச்சிட்ட மறுநாளே சோதிக்கப்பட்ட திருகாணியும் ஒரே விடையைத் தர வேண்டியதில்லை.

இதே நிலைதான் புரோமினுக்கும். மொத்தப் புரோமினை எக்ஸ் கதிர் காட்டும். அது தடைசெய்யப்பட்ட சேர்மமா என்பதை வாயு வண்ணப்பிரிகையும் நிறை நிறமாலையும் இணைந்துதான் சொல்ல இயலும். 2019 ஜூலை 22 முதல் பட்டியலில் சேர்ந்த நான்கு தாலேட்டுகளில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே இருப்பதால், எக்ஸ் கதிர் ஒளிர்வு அவற்றை அறவே காணாது.

பணிப்பாதை

வழித்தடத்தில் இத்தகையோர் பெரும்பாலும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலோ, ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலையின்படி ஏற்பளிப்புப் பெற்ற சோதனைக்கூடங்களிலோ பணியாற்றுகின்றனர். மருந்துத்துறை வேறொரு வாயில். இருங்காட்டுக்கோட்டையில் ஆர்க்கிட் நிறுவனம் நடத்திய ஊசிமருந்து ஆலை 2010இல் ஹோஸ்பிராவுக்கும், 2015இல் ஹோஸ்பிராவோடு சேர்ந்து ஃபைசருக்கும் கைமாறியது. அங்கு உற்பத்தி நிறுத்தப்படும் என்று 2019 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. நோக்கியா ஆலை 2014 நவம்பரிலேயே நின்றுவிட்டது. ஆலை மூடும்போது பகுப்பாய்வாளர் உடன் எடுத்துச்செல்லக்கூடியது முறை சரிபார்ப்பிலும் அளவீட்டு நிச்சயமின்மையைக் கணக்கிடுவதிலும் பெற்ற பயிற்சியே. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் கருவியை இயக்கத் தெரிந்திருப்பது அவ்வளவாக உதவாது.

இடையில் ஒன்று: தரம்பார்த்தலைப் பழங்காலத்துப் பாடம் என்று நம் மாணவர் ஒதுக்குவதுண்டு. மருந்தின் ஈரப்பதத்தை அளக்க 1935இல் வெளிவந்த கார்ல் ஃபிஷர் தரம்பார்த்தல் இன்றும் அன்றாடப் பணியாக இருக்கிறது.

ஆய்வுநாட்டம்

நம் பல்கலைக்கழகங்களில் பகுப்பாய்வு வேதியியல் ஆய்வு பெரிதும் புதிய உணரிகளை நாடுகிறது. தூய கரைசலில் மிகக் குறைந்த கண்டறி வரம்பை எட்டுவதே அங்கே பெருமை. தொழிற்கூடத்தின் தேவை வேறு: அழுக்கும் எண்ணெயும் கலந்த மாதிரியில், இருவேறு நபர்கள் இருவேறு நாட்களில் செய்தாலும் ஒத்துவரும் விடை. மேலே கூறிய திருகாணிச் சிக்கல் முனைவர் பட்டத்துக்கு ஏற்ற தலைப்பு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஓர் ஈரப்பத அறையும் நிறமாலை ஒளிமானியும் போதும். மாதிரிகளும், ஆண்டுக்கணக்கில் திரண்ட அளவீடுகளும் ஆலைகளிடம்தான் உள்ளன.

அவை வெளிவராமைக்குக் காரணம், வாடிக்கையாளருடன் செய்துகொள்ளும் மறைகாப்பு ஒப்பந்தம். அதனால், பத்தாண்டு முறை உருவாக்கத்தில் ஈடுபட்டவரிடம்கூட வெளியிட்ட கட்டுரை ஒன்றும் இருப்பதில்லை. அவர் விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பித்தால், கட்டுரைகளுக்கு மதிப்பெண் தரும் பட்டியலில் அப்பத்தாண்டு சுழியமாகிறது. பொருளின் பெயரையும் வழங்குநரின் பெயரையும் நீக்கி, முறையையும் அதன் பிழைகளையும் மட்டும் வெளியிட ஒப்பந்தத்திலேயே இடம் வைத்தல் இயலும். அத்தகைய ஒரு பிரிவை, கூட்டாய்வு உடன்படிக்கை எழுதும்போது பல்கலைக்கழகத் துறைகளே முன்வந்து கேட்கலாம்.