டி.சி. வாங்கிக்கொண்டே இருந்தவர்

சாயங்கால டீ நேரத்தில் எதிர்வீட்டுப் பையன் வந்து கைப்பேசியை நீட்டினான். பிளஸ் ஒன் படிக்கிறான். கால்பந்து என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு.

"மாமா, இவரப் பாருங்க. முப்பது கிளப்புக்கு மேல ஆடியிருக்காராம். ஒரு எடத்துலயும் நிக்க முடியலன்னா அவ்ளோ மோசமான பிளேயரா?"

திரையில் உருகுவேக்காரர் செபாஸ்டியான் அப்ரேயு. எனக்குச் சுருக்கென்றது. "உக்காருப்பா, டீயக் குடி, சொல்றேன்" என்றேன். ஒரு டம்ளர் டீயில் முடிகிற கதையாக இல்லை. அன்று அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

அப்ரேயு 1976 அக்டோபரில் மினாஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். நல்ல உயரம், இடதுகால் ஸ்ட்ரைக்கர். ரசிகர்கள் வைத்த பெயர் 'லோகோ', அதாவது பைத்தியம். உருகுவே அணிக்காக 70 ஆட்டங்களில் 26 கோல் அடித்தார். 2002, 2010 உலகக் கோப்பைகளில் ஆடினார். 2011-ல் கோபா அமெரிக்காவை வென்ற அணியிலும் இருந்தார். மோசமான ஆட்டக்காரரை எந்த நாடும் 70 முறை களத்தில் இறக்காது. ஆனாலும் அவர் 11 நாடுகளில் ஆடினார். 2017 டிசம்பரில் சிலி நாட்டின் ஆடாக்ஸ் இட்டாலியானோவில் சேர்ந்தபோது அது 26-வது கிளப், கின்னஸ் சாதனை. அதற்குப் பிறகும் அவர் பெட்டி கட்டிக்கொண்டேதான் இருந்தார்.

இப்படிப்பட்டவர்களை ஆங்கிலத்தில் 'ஜர்னிமேன்' என்பார்கள். பயணம் செய்கிறவர் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சொல்லின் வேர் பிரெஞ்சு மொழியில் 'நாள்' என்று பொருள்படும் 'ழூர்னே'. தொழிலை முழுதாகக் கற்றுத் தேர்ந்தவர், ஆனால் சொந்தப் பட்டறை இல்லாதவர், நாள்கூலிக்கு அடுத்தவர் பட்டறையில் வேலை செய்பவர்: அவரைத்தான் அந்தக் காலத்து ஐரோப்பாவில் அப்படி அழைத்தார்கள். நம் ஊரில் கை தேர்ந்த ஆசாரி ஒருவர் வேலை எங்கே இருக்கிறதோ அங்கே உளிப்பையைத் தூக்கிக்கொண்டு போவாரே, அந்த மாதிரி. அவர் ஊர் மாறுவதை வைத்து அவருக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டோம்.

சரி, ஏன் இத்தனை கிளப்? இங்கேதான் காகித வேலை வருகிறது. கால்பந்தில் ஒரு வீரர் ஆட வேண்டுமானால் அவருடைய பதிவு ஒரு கிளப்பிடம் இருக்க வேண்டும். நாடு விட்டு நாடு போனால் பழைய நாட்டுச் சங்கம் ஒரு சான்றிதழ் அனுப்ப வேண்டும். பள்ளிக்கூடத்து டி.சி.யேதான் அது. டி.சி. வராமல் புதுப் பள்ளியில் பெஞ்சில் உட்கார முடியாது. பையனுக்கு இது சட்டென்று பிடிபட்டது.

அடுத்தது லோன். இதை அரசு அலுவலக டெபுடேஷனோடு சேர்த்துப் பார்த்தால் எளிது. வேலை பார்ப்பது ஒரு துறையில், சர்வீஸ் ரெஜிஸ்டர் இருப்பதோ தாய்த் துறையில். அப்ரேயுவை 1998-ல் ஸ்பெயினின் டெபோர்ட்டிவோ லா கொருன்யா வாங்கியது. பதினைந்து ஆட்டம், மூன்று கோல், அவ்வளவுதான் அங்கே. பிறகு பல வருடங்கள் அவருடைய காகிதம் ஸ்பெயினில் கிடந்தது, ஆள் பிரேசிலின் கிரெமியோ, மெக்சிகோவின் டெக்கோஸ், அர்ஜென்டினாவின் சான் லொரென்சோ, சொந்த நாட்டின் நாசியோனால், மெக்சிகோவின் க்ரூஸ் அசூல் என்று சுற்றிக்கொண்டிருந்தார். 2002-ல் க்ரூஸ் அசூலில் ஒரே தொடரில் 19 கோல் அடித்து மெக்சிகோ லீக்கின் அதிக கோல் வீரரானார். அப்போதும் அவர் டெபுடேஷன்காரர்தான்.

"அப்ப சம்பளம் யாரு குடுப்பா?"

நல்ல கேள்வி. பேசிக்கொள்வதைப் பொறுத்தது. கூட்டிப்போகிற கிளப்பே முழுதும் தரலாம், இரண்டு பேரும் பங்கு போடலாம். தாய் கிளப் ஏன் விடாமல் பிடித்து வைக்கிறது என்றால், வேறு ஊரில் நன்றாக ஆடினால் விலை ஏறும், விற்கலாம். இந்த ஏற்பாட்டில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு மனிதனின் இருபதுகளை மேசை டிராயரில் பூட்டி வைப்பது அது. குழந்தையை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது என்றுகூட அவன் முடிவு செய்ய முடியாது. 2022-ல் ஃபிஃபா ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது: லோன் ஒரு வருடத்துக்கு மேல் கூடாது, லோனில் போனவரை அந்தக் கிளப் இன்னொருவருக்கு லோன் விடக் கூடாது. நாடு விட்டு நாடு லோனில் அனுப்பும் வீரர்களின் எண்ணிக்கைக்கும் படிப்படியாக வரம்பு வந்து, 2024 ஜூலையிலிருந்து ஆறு என்று நின்றது, இளம் வீரர்கள் நீங்கலாக. தாமதம்தான், ஆனாலும் வந்ததே.

அப்படியானால் ஒப்பந்தம் முடிந்தால் ஆள் விடுதலையா? இப்போது ஆமாம். 1995 வரை ஐரோப்பாவில்கூட அப்படி இல்லை. ழான்-மார்க் போஸ்மான் என்ற பெல்ஜியக்காரர், பெரிய பெயர் இல்லாத நடுத்தர ஆட்டக்காரர், லியேஜ் கிளப்பில் இருந்தார். 1990-ல் ஒப்பந்தம் முடிந்தது. கிளப் புது ஒப்பந்தத்தில் சம்பளத்தைக் கால் பங்காக்கியது. பிரான்சின் டன்கெர்க் அணி கூப்பிட்டது. ஒப்பந்தம் முடிந்த ஆளுக்கும் லியேஜ் விலை கேட்டது, பேரம் முறிந்தது. போஸ்மான் நீதிமன்றம் போனார். 1995 டிசம்பர் 15-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்கு விலை இல்லாமல் போகலாம். இன்று கோடிகளில் கையெழுத்திடும் நட்சத்திரங்கள் எல்லாருமே அந்த மனிதருக்குக் கடன்பட்டவர்கள். வழக்கு முடிந்தபோது அவருடைய ஆட்ட வயது போய்விட்டது, பின்னாளில் பணக் கஷ்டத்திலும் குடியிலும் அல்லாடினார். இதைச் சொல்லும்போது பையன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டான்.

கிளப் எண்ணிக்கை கூடுவதற்கு இன்னொரு காரணம் நாட்காட்டி. மெக்சிகோவில் ஒரே வருடத்தில் இரண்டு சாம்பியன்ஷிப்; ஆறு மாதத்துக்கு ஒரு கோப்பை, ஆறு மாதத்துக்கு ஒரு கணக்கு. பிரேசிலில் வருடத் தொடக்கத்தில் மாநில அளவுப் போட்டிகள் சில மாதம் நடக்கும். ரியோவின் பாங்கு போன்ற சிறிய கிளப்புகள் அதற்கென்றே ஆள் எடுக்கும். 2017-ல் அப்ரேயு பாங்குவுக்கு ஆடியது அப்படித்தான். அறுவடைக்கு ஆள் வைப்பது போலத்தான், கதிர் அறுத்ததும் வேலை முடிந்தது. ஐரோப்பாவில் ஆகஸ்டில் சீசன் தொடங்கும்போது பிரேசிலில் பாதி ஓடியிருக்கும். ஒரு கதவு சாத்தும்போது வேறு நாட்டில் ஒன்று திறந்திருக்கும். பொது விதிப்படி ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதிவு செய்துகொள்ளலாம், இரண்டுக்குத்தான் ஆடலாம்.

சம்பளமே வராமல் போவது இன்னொரு காரணம், அதை யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. உலகக் கால்பந்து வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-ல் 54 நாடுகளில் சுமார் 14,000 வீரர்களிடம் விசாரித்தது. 41 சதவீதம் பேருக்கு முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தள்ளிப்போயிருந்தது. 45 சதவீதம் பேர் மாதம் ஆயிரம் டாலருக்கும் குறைவாகச் சம்பாதித்தார்கள். சராசரி ஒப்பந்தம் இரண்டு வருடம்கூட இல்லை. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது மேலே மிதக்கும் பாலாடை மட்டும். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்றால் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறலாம் என்ற விதியே 2018-ல்தான் வந்தது.

கோல்கீப்பர்கள் கதை தனி. பதினொரு பேரில் அவர் ஒருவர். முதல் கோல்கீப்பருக்குக் கை உடைந்தால் நாளைக் காலையே இன்னொருவர் வேண்டும். இங்கிலாந்தின் ஜான் பரிட்ஜ் 1969-ல் தொடங்கி 29 கிளப்புகளுக்கு ஆடினார், லீக் ஆட்டங்கள் மட்டும் 771. 1995-ல் மான்செஸ்டர் சிட்டிக்காகக் களமிறங்கியபோது வயது 43, பிரீமியர் லீக்கில் அதுவரை யாரும் அந்த வயதில் ஆடியதில்லை. பிறகு ஓமனில் பயிற்சியாளராக இருந்து அலி அல் ஹப்ஸி என்ற பையனைக் கண்டெடுத்தார். அந்தப் பையன் பின்னாளில் விகன் அணியின் கோல்கீப்பராக பிரீமியர் லீக்கில் ஆடினார். ஜெர்மனியின் லுட்ஸ் ஃபான்னன்ஷ்டீல் ஃபிஃபாவின் ஆறு கூட்டமைப்புகளிலும் தொழில்முறையில் ஆடிய முதல் மனிதர். 2002-ல் பிராட்ஃபோர்டில் எதிரணி வீரரின் முழங்கால் மார்பில் மோதி அவருக்கு மூச்சே நின்றுபோனது. மைதானத்திலேயே உயிரை மீட்டார்கள். திரும்பவும் கையுறை மாட்டினார். இதைத் துணிச்சல் என்பார்கள், எனக்கு அதில் பயமும் தெரிகிறது. இடத்தை ஒரு வாரம் விட்டால் அடுத்த ஆள் உட்கார்ந்துவிடுவான்.

"அப்ரேயுவோட பெஸ்ட் மேட்ச் எது மாமா?"

2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க். உலகக் கோப்பையில் கானாவுடன் கால் இறுதி. கடைசி நிமிடத்தில் உருகுவேயின் சுவாரஸ் கையால் பந்தைத் தடுத்து வெளியேற்றப்பட்டார், பெனால்டியை கானாவின் ஜியான் விட்டத்தில் அடித்தார், ஆட்டம் பெனால்டி ஷூட்-அவுட்டுக்குப் போனது. உருகுவேயின் ஐந்தாவது உதை அப்ரேயுவுக்கு. போட்டால் அரை இறுதி. ஓடிவந்தார், பந்தின் அடியில் லேசாகத் தட்டினார். கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய, பந்து நடுவில் மெதுவாக மிதந்து உள்ளே விழுந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா 1976 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் உலகுக்குக் காட்டிய உதை. அப்ரேயு பிறந்த அதே வருடம்.

பைத்தியம் என்று உலகமே சொன்னது. ஆனால் இரண்டரை மாதம் முன்பு, ஏப்ரலில், பிரேசிலின் பொட்டாஃபோகோவுக்காக ஃபிளமெங்கோவுக்கு எதிராக ரியோவின் பட்டத்தை முடிவு செய்த ஆட்டத்திலும் அவர் இதே உதையைத்தான் உதைத்திருந்தார். நாள்கூலி ஆசாரிக்கு உளி எங்கே எவ்வளவு இறங்கும் என்று தெரியும், பட்டறை யாருடையதாக இருந்தாலும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். போன இடத்தில் எல்லாம் முடிந்தவரை முதுகில் 13-ம் எண்ணைத்தான் கேட்டு வாங்கினார். பல நாட்டில் அதை ராசியில்லாத எண் என்பார்கள். சட்டை மாறும், மொழி மாறும், வீட்டு வாடகை முன்பணம் மாறும், அந்த எண் மட்டும் கூடவே வந்தது. பையன் உடனே எண்ணத் தொடங்கினான்: ஸ்பெயினில் ரியல் சோசியதாத், இஸ்ரேலில் பெய்தார் ஜெருசலேம், கிரீஸில் அரிஸ், எக்வடாரில் ஆகாஸ், எல் சால்வடாரில் சாந்தா டெக்லா. மெக்சிகோவின் டொராடோஸில் அவரோடு அதே அணியில் ஆடியவர் பெப் கார்டியோலா என்றதும் நம்ப மறுத்துத் தேடிப் பார்த்தான். 2006, உண்மைதான். பார்சிலோனாவின் நட்சத்திரமும் தன் கடைசி மாதங்களில் ஒரு சின்ன கிளப்பின் கூலிக்காரர்தான். அந்த சீசனில் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

2021 ஜூனில், 44 வயதில், அப்ரேயு நிறுத்தினார். கடைசிக் கிளப் சுட் அமெரிக்கா, மொண்டெவிடியோ நகரத்துக் கிளப். அவர் முதன்முதலில் ஆடத் தொடங்கிய டிஃபென்சர் ஸ்போர்ட்டிங்கும் அதே ஊர்தான்.