கூலியில் பிடித்துக்கொண்ட வைத்தியம்

போளூர், ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவில் சம்பளம் என்ற பேச்சே கிடையாது, கூலிதான். முதலாளியிடம் பாவும் ஜரிகையும் வாங்கிப்போய், வீட்டுக் குழித்தறியில் நெய்து, புடவையைக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்க வேண்டும். வீட்டில் ஒருவர் நோயில் படுத்துவிட்டாலும் போய் நிற்பது அதே முதலாளி வீட்டுத் திண்ணையில்தான். "ஐநூறு ரூவா குடுங்க மொதலாளி, கூலியில புடிச்சுக்கங்க." பிரசவம், காமாலை, வேலூர் சிஎம்சிக்குப் போகும் பஸ் காசு எல்லாம் முன்பணக் கணக்கில் ஏறும். இதைத் தருமம் என்று சொல்கிறவர்கள் உண்டு. கடன் அடையும்வரை வேறு முதலாளியிடம் பாவு வாங்க முடியாது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

அந்த முதலாளியும் பெரிய ஆள் இல்லை. நாலைந்து தறிக்குப் பாவு கொடுப்பவருக்கும் முதலாளி என்றுதான் பெயர். ஆடியில் புடவை தேங்கிக் கிடக்கும்போது இரண்டு வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், அவரே வட்டிக்கு வாங்கித்தான் கொடுக்க வேண்டும்.

தொழிலாளர் காப்பீட்டுக்கான இஎஸ்ஐ சட்டம் 1948-லேயே வந்தது. அது ஆலைத் தொழிலாளியை நினைத்து எழுதிய சட்டம். வீட்டுத் தறி அதன் கண்ணில் படவில்லை. கைத்தறிக்கென்று மத்திய அரசு மருத்துவக் காப்பீடு தொடங்கியது 2005-06-இல்தான். நால்வர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். அதில் 7,500 வெளிநோயாளிச் செலவுக்கு. தொகை சிறியதுதான். ஆனால் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் குனிந்திருப்பவருக்கு வருவது முதுகுவலி, மூட்டுவலி, பார்வை மங்கல். இதற்கெல்லாம் யாரும் வார்டில் படுப்பதில்லை. அதை உணர்ந்து போட்ட திட்டம் என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. அது நீடிக்கவில்லை.

இன்று பெரிய செலவை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. 2009-இல் கலைஞர் காப்பீடு, 2012-இல் முதலமைச்சர் காப்பீடு, 2018-இல் மத்தியத் திட்டத்தோடு சேர்ந்த பிறகு 5 லட்சம் வரை. இதய அறுவைக்காகத் திண்ணையில் போய் நிற்க வேண்டியதில்லை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மிஞ்சியிருப்பது கண்ணாடி, நெய்ய முடியாத நாளின் கூலி. இவை இன்னும் முன்பணம்தான்.

நெசவாளியைவிட இன்று சிக்கலில் இருப்பது அந்தப் புடவையை விற்கும் சிறிய கடை. பத்துப் பேர் வேலை பார்த்தால் இஎஸ்ஐ உண்டு. 2019 ஜூலையில் முதலாளியின் பங்கு 4.75 சதவீதத்திலிருந்து 3.25-ஆகக் குறைந்தது. 12,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி கட்டுவது 390, ஊழியர் கட்டுவது 90. குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும் என்றால் இது தாங்க முடியாத சுமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடைக்காரருக்கு உறுத்துவது வேறு: காசையும் கட்டிவிட்டு, அவசரத்துக்கு ஊழியர் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஓடும்போது அந்தச் செலவுக்கும் கை நீட்டப்படுகிறது.

ஒன்பது பேர் உள்ள கடையில் இதுவும் இல்லை. அங்கே 12,000 வாங்குபவரின் ஆண்டு வருமானம் 1,44,000. முதலமைச்சர் காப்பீட்டின் வரம்பு 1,20,000. இஎஸ்ஐக்கும் அரசுக் காப்பீட்டுக்கும் நடுவே விழுந்தவர் அவர். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இருதரப்பும் சம்மதித்தால் சிறு கடையும் இஎஸ்ஐயில் சேரலாம் என்கிறது. கட்டாயமில்லாத செலவில் தானாக எத்தனை கடைக்காரர் கையெழுத்துப் போடுவார்?

கடை முதலாளியின் நிலையையும் சொல்ல வேண்டும். இஎஸ்ஐ ஊழியருக்கு மட்டும், அவருக்குக் கிடையாது. வருமான வரம்பால் அரசுக் காப்பீடும் எட்டாது. தனியாரில்தான் பாலிசி எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதே மனிதர் தன் ஒன்பது ஊழியர்களுக்கும் சேர்த்துக் குழு பாலிசி எடுத்தால், பிரீமியத்தோடு 18 சதவீதம் வரி கட்ட வேண்டும்.