விடியுமுன் வரும் பஸ்

பிராதக்காலத்தில் துயிலெழுவதன் பெருமையைப் பற்றி நம் நாட்டில் உபதேசித்திருக்கும் அளவுக்கு வேறு எந்த நற்பழக்கத்தைப் பற்றியும் யாரும் உபதேசித்திருப்பதாகத் தெரியவில்லை. ஔவையின் ஆத்திசூடி அதனைக் குழந்தைகளுக்கே கட்டளையாக இடுகிறது. பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்த ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார், வைகறையில் எழுந்து, அன்று செய்ய வேண்டிய அறத்தையும் தேட வேண்டிய பொருளையும் மனத்தில் எண்ணி, தாய் தந்தையரைத் தொழுத பின்னரே மற்றக் காரியங்களில் இறங்க வேண்டுமென்று விதிக்கிறார். வடமொழி வைத்திய நூலான அஷ்டாங்க ஹிருதயமோ, தன் இரண்டாம் அத்தியாயத்தையே தினசரி ஒழுக்கத்துக்கென ஒதுக்கி, சூரியோதயத்துக்கு 96 நிமிஷம் முன்னதாகத் தொடங்குகிற பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்திருக்கச் சொல்கிறது. இத்தனை பேர் இத்தனை காலமாகச் சொல்லியும் ஜனங்கள் எழுந்தபாடில்லையே என்பதுதான் பத்திரிகைகளின் வாடிக்கையான அங்கலாய்ப்பு. இவ்வாரம் என் பங்குக்கு வந்து சேர்ந்த விஷயமும் அதுவே.

ஆயினும், திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணியோடு கூட ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு மாறி வந்ததும், தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் இன்றும் கலந்து புழங்குவதுமான பள்ளிப்பட்டு வட்டாரத்தைப் பொறுத்த மட்டில், இந்த அங்கலாய்ப்புக்கு இடமே இல்லை. அங்கே எழுந்திருக்கிறார்கள், பிரம்ம முகூர்த்தம் பிறப்பதற்கும் முன்னதாகவே எழுந்திருக்கிறார்கள். கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய கிராமங்களிலும், பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலும், திருத்தணிக்குப் போகும் சாலை நெடுகிலும், தெரு நாய்கள்கூடத் தலை தூக்காத ஜாமத்தில், கழுத்தில் அடையாள அட்டையும் தோளில் சோற்றுப் பையுமாகக் கம்பெனி பஸ்ஸை எதிர்நோக்கி நிற்கும் இளைஞர்களையும் யுவதிகளையும் காணலாம். கும்மிடிப்பூண்டிக்கும், ஸ்ரீபெரும்புதூருக்கும், ஒரகடத்துக்கும், எல்லைக்கு அப்பாலுள்ள ஸ்ரீசிட்டிக்கும் போய்க் கார்களுக்கு உறுப்புச் செய்பவர்களும், கைபேசிகளுக்குத் திருகாணி முடுக்குபவர்களும் இவர்களே. அதிகாலையில் எழுவதே ஆரோக்கியத்தின் திறவுகோல் என்றால், இந்தப் பிரதேசத்து வாலிபர்களைக் காட்டிலும் திடகாத்திரர்கள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. பஸ் புறப்பட்ட கால் மணியில் ஜன்னல் கண்ணாடியில் தலை மோத மோத அவர்கள் உறங்கும் உறக்கத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் உண்மை நிலை விளங்கும்.

கணக்கு மிக எளிது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் காலை 6 மணிக்கு என்று வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத பிரயாணத்துக்காகவும், வழியில் ஊருக்கு ஊர் நின்று ஆள் ஏற்றுவதற்காகவும், பஸ் மூன்றரை மணிக்கே வந்தாக வேண்டும். ஆகவே ஆண்பிள்ளையாயின் மூன்று மணிக்கும், வீட்டில் சோறு வடித்துக் குழம்பு கூட்டி வைத்துவிட்டுப் புறப்பட வேண்டிய ஸ்திரீயாயின் இரண்டரை மணிக்கும் பாயை விட்டு எழ வேண்டும். வயது வந்த மனிதருக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாத நித்திரை வேண்டுமென்பதில் வைத்தியர்களுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை. அப்படியானால் இரண்டரை மணிக்கு எழ வேண்டியவள் முந்திய மாலை ஏழரை மணிக்கே கண்ணயர்ந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்க, நடு வீட்டில் டெலிவிஷனில் சீரியல் உச்சத்தை எட்டிக்கொண்டிருக்க, பிள்ளை வீட்டுப் பாடத்தை ஏந்திக்கொண்டு வந்து நிற்க, ஏழரை மணிக்கு உறங்கும் யோகம் இல்வாழ்வில் இருக்கும் எவருக்கு வாய்க்கும்?

காலை நியமங்களைப் பற்றி எழுதுபவர்கள் சௌகரியமாக மறந்துவிடும் சங்கதி இதுதான். காலைப்பொழுதைச் செம்மையாக்குவது முந்திய இரவு. வெந்நீர் அருந்துவதோ, சூரிய நமஸ்காரம் செய்வதோ, நாட்குறிப்பு எழுதுவதோ, கைபேசியைத் தொடாமலிருப்பதோ எல்லாம் அதற்குப் பின்னர் வருபவை. மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து செல்லும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அற்பப் பிரமாணமான ஓர் அணுத்திரள், நம்முடைய உறக்கம், விழிப்பு, பசி, உடல் உஷ்ணம், சுரப்பிகளின் வேலை ஆகிய யாவற்றையும் ஏறக்குறைய 24 மணி நேரச் சக்கரத்தில் நடத்தி வருகிறது. இந்தக் காலக்கணக்கு உடலின் அணுக்களுக்குள் எந்த யந்திரத்தால் நடைபெறுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்து விளக்கிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கே 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. காலையில் கண்ணில் படும் வெளிச்சம் அக்கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறது. இருளில் சுரக்கும் மெலடோனின் உறக்கத்துக்குத் தூது போகிறது. உடலின் உஷ்ணம் மிகவும் தாழ்ந்து, தேகம் முழுவதும் ஓய்வைக் கோரும் வேளை, பின்னிரவு மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்டது. நம்முடைய பஸ் வருவதும் அதே வேளையில்தான்.

இந்த வட்டாரத்துக்கு விடியலில் எழும் உழைப்பு புதிதன்று என்று சிலர் சொல்லக் கூடும்; சொல்வதும் வாஸ்தவமே. நெசவே இங்கு வாழ்வாயிருந்த காலத்தில், வெயில் ஏறினால் நூல் உலர்ந்து அறுந்துபோகும் என்ற காரணத்தால், பொழுது புலருமுன்னரே பாவை வீதியின் நீளத்துக்கு நீட்டி, கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரித்து உலர்த்திச் சுருட்டிவிடுவார்கள். அக்கம்பக்கத்தார் கை கொடுக்க, குழந்தைகள் விழித்தெழுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்நெசவாளி இருட்டியதும் விளக்கை அணைத்துப் படுத்தவன். வேலைத்தலமும் உறங்கும் இடமும் ஒரே கூரையின் கீழ் இருந்தமையால் பிரயாணத்துக்கென்று ஒரு விநாடியும் செலவழிக்காதவன். உச்சி வேளையில் தறிக்குழியை விட்டு எழுந்து களியோ கூழோ உண்டபின் திண்ணையில் சற்றே சாய்ந்து எழும் சுதந்திரம் உடையவன். கூலியில் அவன் வஞ்சிக்கப்பட்டான் என்பதை மறுப்பதற்கில்லை. அவன் நித்திரையை மட்டும் ஒருவரும் பறிக்கவில்லை.

ஷிப்ட் முறையில் மூன்றரை மணி பஸ்ஸைக்கூட மன்னித்துவிடலாம். வருஷம் முழுவதும் மூன்றரை மணி என்று நிலைத்திருந்தால், மனித சரீரம் எதற்கும் ஓரளவு பழகிக்கொள்ளும். பொல்லாதது வாரத்துக்கு வாரம் மாறும் சுழற்சி. இவ்வாரம் காலை 6 மணி. அடுத்த வாரம் பகல் 2 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணிக்கு முடிந்து, வீடு வந்து கை கால் கழுவி உண்டு படுக்கும்போது ஒன்றரை மணி. அதற்கடுத்த வாரம் இரவு 10 மணிக்கு வேலையில் ஏறி, ஊரார் கோலமிட்டுக் காபி குடித்து அலுவலுக்குப் புறப்படும் நேரத்தில் வீடு திரும்பிப் படுக்கை. உள்ளேயிருக்கும் கடிகாரமோ நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமே நகர்ந்துகொடுக்க வல்லது. எட்டு மணி நேர மாறுதலுக்கு அது இணங்கி வரும் தறுவாயில் வாரம் முடிந்து, ஷிப்ட் மாறிவிடுகிறது. வீட்டை விட்டு வெளியேறாமலே ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேறொரு கண்டத்துக்கு விமானத்தில் போய் இறங்குவதை ஒக்கும் இது. சுழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் காலை, பிற்பகல், இரவு என்று முன்னோக்கிச் சுழற்றுவதைச் சரீரம் ஓரளவு தாங்கும். இரவிலிருந்து பிற்பகலுக்கும் பிற்பகலிலிருந்து காலைக்கும் பின்னோக்கி இழுப்பதை அதனால் தாங்க முடியாது. மேஸ்திரியின் பட்டியலில் இந்த நியாயத்துக்கு எங்கே இடம்?

இதன் பலன் கொட்டாவியோடு நின்றுவிடுவதன்று. ஜீரணக் கோளாறு, இரத்த அழுத்தம், நீரிழிவு, மாதவிடாய்க் குழப்பம் ஆகியவை ஷிப்ட் தொழிலாளரிடையே மிகுந்து காணப்படுவதைப் பல தேசங்களின் ஆய்வுகள் சொல்லி வந்திருக்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, உடற்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையைப் பெரும்பாலும் புற்றுநோயை விளைவிக்கக் கூடியவற்றின் வரிசையில் 2007இல் சேர்த்து, இரவு வேலை பற்றிய அம்முடிவை 2019இல் மறுபடியும் உறுதி செய்தது. 10 கோடிக்கு மேற்பட்ட இந்தியருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான அகில இந்திய ஆய்வு காட்டிய பின்னரும், சர்க்கரை ஏறுவதற்குச் சோற்றையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, உறக்கமின்மையை விடுதலை செய்துவிடுவது நம் வழக்கமாயிருக்கிறது.

பழைய நூல்களைக் காலை உபதேசத்துக்கு மட்டும் புரட்டுபவர்கள் இன்னும் சில ஏடுகள் தள்ளிப் பார்த்திருக்கலாம். அதே அஷ்டாங்க ஹிருதயம், ஏழாம் அத்தியாயத்தில், சுகமும் துக்கமும், பலமும் பலவீனமும், ஞானமும் அஞ்ஞானமும், உயிரும்கூட நித்திரையின் வசத்தில் இருப்பதாகக் கூறி, வழக்கத்துக்கு மாறாக இரவில் கண்விழிக்க நேர்ந்தவன், விழித்திருந்த நேரத்தில் பாதியளவுக்கு மறுநாள் காலையில், உணவு கொள்ளாமலே உறங்க வேண்டுமென்று பரிகாரமும் சொல்கிறது. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு வயிறு புடைக்க இட்லியை ஊட்டி, பிறகு ரேஷன் கடைக்கும் அனுப்பி வைக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவனுடைய காலை நியமம் வேறு: பஸ்ஸிலேயே கறுப்புக் கண்ணாடி அணிந்து வெளிச்சத்தைத் தடுக்கட்டும், ஷிப்டின் பின்பாதியில் டீயைத் தொடாதிருக்கட்டும், ஏனெனில் அதன் உத்தேஜனப் பொருளில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் போல் ஆகிறது, வீடு சேர்ந்ததும் இலேசாக உண்டு, ஜன்னலைக் கனத்த துணியால் மூடி, கைபேசியை அடுத்த அறையில் விட்டுப் படுக்கட்டும். ஃபர்ஸ்ட் ஷிப்ட்காரர்களோ, காய் நறுக்குவதையும் உடுப்பு எடுத்து வைப்பதையும் மாலையிலேயே முடித்து, கேண்டீன் டிபன் வரும்வரை வெறும் டீயும் பொறையுமாகக் காலந்தள்ளாமல், ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழையாவது குடித்துவிட்டுப் பஸ் ஏறலாம்.

இந்த உபாயங்கள் எல்லாம் ஒட்டுப் போடும் காரியமே என்பதை அறியாமல் இல்லை. அரசாங்கம் ஆரோக்கிய விஷயத்தில் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2023 நவம்பரில், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்து, ஜனங்களைக் காலையில் நடக்கத் தூண்டும் திட்டம் தொடங்கப்பட்டது, நல்ல திட்டம், ஐந்தரை மணிக்கு வெள்ளைச் செருப்பணிந்து வரக்கூடியவர்களுக்கு. தாய் பஸ் ஏறிவிட்ட வீட்டில் பிள்ளை வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகாதிருக்க, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் உதவுகிறது. கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு அதனை விரித்த விழா 2024 ஜூலை 15ஆம் தேதி நடந்ததும் இதே மாவட்டத்துக் கீழச்சேரியில்தான். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகள் உப்புமாவோ பொங்கலோ உண்டு வகுப்பில் அமர்கிறார்கள். இந்தக் கட்டுரையில் வரும் ஒரே உருப்படியான காலை நியமம் அதுதானோ என்னவோ.

கம்பெனிகள் வந்திராவிட்டால் இந்த இளைஞர்கள் எங்கே போயிருப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மாதச் சம்பளமும், பி.எஃப். கணக்கும், பெண்பிள்ளை கையில் தன் பணமும் அற்பமான பேறுகள் அல்ல. அது இருக்கட்டும். வேலை நேரத்தை நம் சட்டங்கள் ஆலையின் வாயிலிலிருந்துதான் எண்ணத் தொடங்குகின்றன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை வகுத்தது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடங்கொடுத்த மசோதா, 2023 ஏப்ரலில் நம் சட்டசபையில் நிறைவேறி, கடும் எதிர்ப்பின் காரணமாக மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. எல்லோரும் வெற்றி முழக்கம் செய்தோம். மூன்றரை மணிக்கு ஏறி மாலை நாலரை மணிக்கு இறங்கும் பள்ளிப்பட்டுப் பெண்ணுக்கோ, அன்றும் 13 மணி நேரம்தான்; இன்றும் 13 மணி நேரம்தான்.

ஆகவே, காலை எழுவது எப்படி என்று வாசகர்களுக்கு உபதேசிப்பதை நிறுத்திக்கொண்டு, ஆலை நிர்வாகிகளிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஷிப்டை ஏழு மணிக்குத் தள்ளுங்கள். சுழற்சியை வாரத்துக்கொரு முறை என்பதிலிருந்து மாதத்துக்கொரு முறை என்று ஆக்கி, முன்னோக்கியே சுழற்றுங்கள். 40 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் நேரத்தில் பாதியையாவது வேலை நேரமாகக் கணக்கில் வையுங்கள்.