ஜாதகத்தை மாற்றும் அரை மணி நேரம்

1981 டிசம்பர் 31, இரவு 11.30 மணி. தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. சபா, சரவாக்குடன் நாடு முழுவதும் ஒரே நேரம் வேண்டும் என்பதே நோக்கம். கிரீன்விச் நேரத்தைவிட ஏழரை மணி நேரம் முன்னே இருந்த கோலாலம்பூர், அன்று முதல் எட்டு மணி நேரம் முன்னே சென்றது.

கிள்ளானில் 1975-இல் ஒரு குழந்தை காலை 6.00 மணிக்குப் பிறந்ததாக வைத்துக்கொண்டால், கிரீன்விச் கணக்கில் அது முந்தைய இரவு 10.30. பிரிக்பீல்ட்ஸில் ஜாதகம் கணிக்கும் கணினி எட்டு மணி நேரத்தைக் கழித்தால் 10.00 என்றே காட்டும். ஒரு லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான். அரை மணிப் பிழையில் லக்னமே மாறலாம். ஜாதகம் பார்ப்போருக்குத் திருமணப் பொருத்தமும் பிசகலாம்.

தரவுத்தளங்களில் நேரத்தைப் பதிய இரு வகைகள் உண்டு. ஒன்று, கொடுத்த மணியை அப்படியே எழுதி வைக்கும். அது எந்த ஊர் மணி என்று அறியாது. மற்றொன்று, உலகப் பொது நேரமாக மாற்றிச் சேமித்து, கேட்கும்போது ஊர் நேரமாகக் காட்டும். போஸ்ட்கிரஸ் போன்றவற்றில் இவ்வகையும் ஊர்ப் பெயரைச் சேமித்து வைப்பதில்லை.

எனவே, ‘கூட்டல் எட்டு’ என்ற எண் போதாது. ‘ஆசியா/கோலாலம்பூர்’ என்ற பெயரைக் கொடுத்தால், 1982 மாற்றத்தையும் அறிந்து கணினி கணக்கிடும். பிறப்புப் பத்திரத்தில் உள்ள மணியையும் பிறந்த ஊரையும் சேர்த்தே பதிந்து வைப்பதுதான் பாதுகாப்பு.